பத்தாம் நம்பருக்கு வைத்த நேர்த்தி

இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் ஆண்டு பங்குனி மாதம் மூன்றாம் ஞாயிறு பின்னேரம், ஊசிமுனை அந்தோனியார் கோயில் மைதானத்தில், மண்டைதீவிலிருந்து வந்த அணியின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் டெனிஸ்ரனின் வலது முழங்காலில் இரண்டு கால்களாலும் பாய்ந்தான். வீங்கியது டெனிஸ்ரனின் மனைவி மேரிஜோசப்பினின் முழங்கால். அவள் அப்போது கோட்டுக்கு வெளியே, பூவரசின் கீழே, பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தாள். அடிபட்ட சத்தம் கேட்டு மைதானமே எழுந்து நின்றது. கால் போய்விட்டது என்று இரண்டு பேர் ஓட்டோ பிடிக்க ஓடினார்கள். டெனிஸ்ரனோ எழுந்து, காற்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, கிடைத்த பிறீ கிக்கைத் தானே உதைத்து, பழைய மீன்வலையில் தைத்த கோல் வலையின் மேல்மூலையில் பந்தைப் போட்டான். மேரிஜோசப்பின் ஒற்றைக் காலில் நின்று கைதட்டினாள். ஊசிமுனை இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. வீட்டுக்குப் போகும் வழியில் ஏன் நொண்டுகிறாய் என்று கேட்டவர்களுக்கு, கதிரையால் எழும்பும்போது சறுக்கிவிட்டது என்று சொன்னாள்.

ஊசிமுனை ஊர்காவற்துறைத் தீவின் கரையில், நாரந்தனையிலிருந்து சைக்கிளில் இருபது நிமிடத்தில் வரும் சின்ன ஊர். நூற்றுப்பத்து வீடுகள், ஒரு கோயில், ஒரு நண்டுக் கொட்டில், ஆலா விளையாட்டுக் கழகம். ஆலா என்பது கடலின் மேல் பறந்தபடி நின்று, மீனைக் கண்டதும் தலைகீழாக விழுகிற வெள்ளைப் பறவை. கழகத்தின் நீலச் சட்டையில் நெஞ்சுப் பக்கம் ஆலா, முதுகுப் பக்கம் நம்பர். பத்தாம் நம்பர் டெனிஸ்ரனுடையது. மேரிஜோசப்பின் அவனைக் கட்டுவதற்கு முன்பே அந்த நம்பரைக் கட்டிவிட்டாள் என்று நண்டுக் கொட்டிலில் பகிடி விடுவார்கள். அதில் பொய் இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து அவள் ஒரு போட்டி விடாமல் பார்த்தவள். மத்தியஸ்தரின் ஊதல் எப்போது நியாயமாக ஊதுகிறது, எப்போது மனம் வைத்து ஊதுகிறது என்று சத்தத்திலேயே சொல்வாள். பந்து இடது காலுக்கு வருமுன் டெனிஸ்ரனின் இடது தோள் ஒரு கணம் தாழும் என்பதை முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான்; எதிரணிகள் கண்டுபிடிக்க ஆறு வருடம் ஆனது.

நேர்த்தி வைத்தது அதற்கு முந்திய வருடம். கணுக்கால் பிரண்டு டெனிஸ்ரன் மூன்று மாதம் கதிரையில் இருந்தான். கடலுக்குப் போகாததைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் ஊதல் கேட்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். அந்த முகத்தை மேரிஜோசப்பினால் பார்க்க முடியவில்லை. அதைவிடத் தன் காலை யாராவது முறித்தால் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நண்டுக் கொட்டிலில் வேலை முடிந்து, கையில் நண்டு மணம் போகுமுன், அந்தோனியார் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டு நேர்த்தி வைத்தாள். இதில் பாதி கணவனுக்காக, பாதி ஆலா கழகத்துக்காக. எந்தப் பாதி பெரியது என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை.

பிழை நடந்தது அங்கேதான். ஊசிமுனையில் மனைவி கணவனின் பெயரைச் சொல்வதில்லை. சட்டம் ஒன்றும் கிடையாது. வாய் வராது, அவ்வளவுதான். கூப்பிடுவது ‘இஞ்சருங்கோ’, பிறரிடம் சொல்வது ‘அவர்’. பாவசங்கீர்த்தனத்தில் கணவனைப் பற்றிக் குறை சொன்னாலும் ‘அவர்’தான்; எந்த அவர் என்று சுவாமியார் குரலை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். படிவம் நிரப்ப வந்த உத்தியோகத்தர்களிடம் மேரிஜோசப்பினுக்காக அயல்வீட்டுக்காரி பெயர் சொல்வாள். மகள் நிலக்சனா பேசப் பழகிய பிறகு அந்த வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். ஆகவே அந்தோனியாருக்கு முன்னாலும் அவளுக்கு வாய் வரவில்லை. ‘அவர்’ என்றால் புனிதருக்கு விளங்காமல் போகுமோ என்று யோசித்து, தெளிவாக இருக்கட்டும் என்று, ‘பத்தாம் நம்பருக்கு வாற நோவெல்லாம் எனக்கு வரட்டும்’ என்று சொன்னாள். அந்தோனியார் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஒன்பது ஆண்டுகளில் மேரிஜோசப்பினின் உடம்புக்கு நடந்தவை பல. வலது கணுக்கால் நான்கு முறை பிரண்டது. இடது பின்தொடைத் தசை இரண்டு முறை கிழிந்தது, ஒருமுறை கொஞ்சமாக, ஒருமுறை நன்றாக. பெருவிரல் நகம் ஒன்று மாரி முழுவதும் கறுத்துக் கிடந்து, பெரிய வியாழனன்று கழன்று விழுந்தது. பதினாறாம் ஆண்டு திருநாள் போட்டியில் கோணர் உதைக்கு எழும்பிய டெனிஸ்ரனின் முகத்தில் யாரோ முழங்கையால் போட்டதில், அவளுடைய மூக்கு இடப்பக்கம் சற்றுச் சாய்ந்தது. ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. குசினிப் படி, கிணற்றடிப் பாசி, கதவு, ஆடு. டெனிஸ்ரன் எல்லாவற்றையும் நம்பினான். நம்பியதோடு விடவில்லை. படி தடுக்கியது என்றதும் அன்று பின்னேரமே சீமெந்து குழைத்துப் படியைச் சாய்வாக்கினான். கிணற்றடியைச் சுரண்டிக் கல் பதித்தான். கதவின் விளிம்பைச் சீவினான். ஆட்டை விற்றான். ஒன்பது ஆண்டுகளில் ஊசிமுனையிலேயே விழ முடியாத வீடு அவனுடையதாக இருந்தது. அந்த வீட்டுக்காரிதான் ஊசிமுனையிலேயே அதிகம் நொண்டினாள். “என்ரை மனிசி நிலம் பாத்து நடக்கிறேல்லை” என்று அவன் கவலையோடு சொல்லும்போது மேரிஜோசப்பினுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வரும்.

அவள் ஏன் சொல்லவில்லை என்றால், நேர்த்தியை வாய்விட்டால் பலன் போய்விடும் என்று பயம். அதைவிடப் பெரிய பயம், தெரிந்த அன்றே அவன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிடுவான் என்பது. பிறகு அவன் முகம் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பும். ஆலா கழகத்திலோ வேறு இடதுகால்காரன் இல்லை.

காலுக்குப் பத்துப் போடுவது நாரந்தனையில் சரவணமுத்துப் பரியாரியார். முறிவு நெரிவுக்குத் தீவுப்பகுதியில் பேர்போன கை. இலையும் மஞ்சளும் முட்டை வெள்ளையும் சேர்த்து அரைத்து அவர் பூசிக் கட்டுகிற பத்து மூன்று நாளில் வீக்கத்தை இறக்கும். அவரும் பந்துப் பைத்தியம். இரண்டாவது தடவையே அவள் முழங்காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “பிள்ளை, இது விழுந்த காயமில்லை. ஆரோ பின்னாலை வந்து போட்ட அடி. மத்தியஸ்தர் மஞ்சள் மட்டை குடுத்திருக்கவேணும்” என்றார். மேரிஜோசப்பின் சீலையை இழுத்து முழங்காலை மூடினாள். பரியாரியாரும் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் டெனிஸ்ரன் யாருடன் விளையாடுகிறான் என்று விசாரித்து, அணி முரட்டு அணியென்றால் திங்கட்கிழமைக்கு இலை பறித்து வைத்தார்.

நோவைச் சும்மா அனுபவிக்கிற ஆள் அல்ல மேரிஜோசப்பின். எந்த நோ எங்கிருந்து வருகிறது என்று படித்தாள். தசை இழுபடுவது முதல் பத்து நிமிடத்தில் வரும், அதுவும் கடலால் வந்து குளிர்ந்த காலோடு நேரே மைதானத்தில் இறங்குகிற நாளில். கெண்டைக்கால் பிடிப்பது கடைசிப் பத்து நிமிடத்தில், முதல் நாள் சாராயத்தோடு இருந்தவனுக்கு. மாரி முடிந்த கையோடு தரை பதமாக இருக்கும்போது கணுக்காலுக்கு ஆபத்தில்லை. பங்குனி சித்திரையில் உப்புத்தரை வெடித்த பிறகு ஒவ்வொரு வெடிப்பும் ஒரு சுளுக்கு. மத்தியானம் சோறும் குழம்பும் ஒரு பிடி பிடித்துவிட்டு வருகிறவன் இரண்டாம் பாதியில் பந்துக்கு அரை அடி பிந்துவான். அந்த அரை அடியில்தான் முழங்கால் போகும். வேகம், பலம் என்று ஆண்கள் கதைப்பதெல்லாம் அவளுக்குப் பகிடியாக இருந்தது. விளையாட்டுக்காரனின் உடம்பை நிறுத்தி வைத்திருப்பது அவன் செய்கிற சாகசம் ஒன்றும் இல்லை, தூங்கப்போகிற நேரமும் தண்ணீர் குடிக்கிற அளவும்தான் என்பது அவள் கண்ட முடிவு. அவளுக்கு இதை யாரும் படிப்பிக்கவில்லை. அவளுடைய தொடையே படிப்பித்தது.

ஆகவே டெனிஸ்ரனைப் பிடித்துக்கொண்டாள். போட்டிநாளில் சோற்றுக் கோப்பையை மறைத்தாள். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும் பனங்கட்டியும் தேத்தண்ணியும்தான். வாரத்தில் மூன்று நாள் முழங்கால் அளவு கடலில் ஓடவிட்டாள். விளையாட முன் இருபத்தைந்து நிமிடம் காலைச் சூடாக்காமல் சட்டையைக் கையில் கொடுக்கமாட்டாள். அவன் சலித்துக்கொண்டு செய்தான். செய்யச் செய்யக் காயம் குறைந்தது, அதாவது அவளுக்கு. பெயர் அவனுக்குப் போனது. முப்பத்தைந்து வயதிலும் ஒரு கீறல் இல்லாமல் ஓடுகிறான் என்று தீவெல்லாம் கதை பரவி, பங்கு மண்டபத்தில் இளைஞர்களுக்கு உடற்பயிற்சி பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். “உடம்பைக் கட்டுப்பாடாய் வைச்சிருந்தால் காயம் கிட்ட வராது, என்னைப் பாருங்கோ” என்று அவன் நெஞ்சை நிமிர்த்திப் பேசினான். மேரிஜோசப்பின் முன்வரிசையில், பத்துப் போட்டுக் கட்டிய காலை நீட்டிக்கொண்டு இருந்து, மற்றவர்களைவிடக் கூடக் கைதட்டினாள்.

பிழை பிடிபட்டது பதினெட்டாம் ஆண்டு ஆவணியில், காரைநகர் அணி வந்தபோது. டெனிஸ்ரன் கோட்டருகே நின்று போத்தலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். தூரத்தில் காரைநகரின் பத்தாம் நம்பர், தனுஜன் என்ற நெடிய பெடியன், பந்தைத் துரத்தி ஓடும்போது மேரிஜோசப்பினின் வலது பின்தொடை நார் உரித்ததுபோல் கிழிந்தது. தனுஜன் ஒரு கணம் நின்று, தன் காலைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, மறுபடி ஓடினான். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. காரணமில்லாமல் வந்த நோக்கள், டெனிஸ்ரன் வலை தைத்துக்கொண்டிருந்த ஞாயிறுகளில் வந்த சுளுக்குகள், எல்லாவற்றுக்கும் தீவுப்பகுதியில் எங்கோ ஒரு பத்தாம் நம்பர் இருந்திருக்கிறான். தொலைக்காட்சியில் உலகக்கிண்ணத்தில் விழுந்த பத்தாம் நம்பர்களின் நோ அவளுக்கு வந்ததில்லை. ஊசிமுனை அந்தோனியாரின் அதிகாரம் தீவுப்பகுதியோடு நின்றுவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எந்த அணி வந்தாலும் மேரிஜோசப்பின் முதலில் அவர்களுடைய பத்தாம் நம்பரைத் தேடிப்போனாள். காலைச் சூடாக்கினதோ, தண்ணி குடிச்சதோ, மத்தியானம் என்ன சாப்பிட்டது என்று விசாரித்தாள். சப்பாத்துக் கயிறு தளர்வாய் இருந்தால் குனிய முடியாத காலோடு குனிந்து இறுக்கிக் கட்டினாள். இடைவேளையில் தைலப் போத்தலோடு மைதானத்தைக் குறுக்கறுத்துப் போவாள். முதலில் அது தன் காலுக்காகத்தான். ஆனால் ஒருவனுடைய நோவைச் சுமந்தபிறகு அவனை வெறுப்பது கடினம். தனுஜன் அவளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினான். அவன் கோல் அடித்தால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சந்தோசப்பட்டாள். கழகத்தில் முணுமுணுப்பு எழுந்தது. டெனிஸ்ரனுக்கு அவமானமாக இருந்தது. “எங்கடை ஆக்களுக்குத் தண்ணி குடுக்க ஆளில்லை, நீர் அவங்கடை பத்துக்குக் கால் பிடிக்கிறீர்” என்று ஒருநாள் வீட்டில் கத்தினான். “அவனுக்கும் கால்தானே” என்று மட்டும் அவள் சொன்னாள். இரண்டு நாள் அவர்கள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் நொண்டுவதைப் பார்த்து, அவன் கிணற்றடிக்குப் போகும் வழியில் கைபிடிக்கக் குழாய் பொருத்தினான்.

இருபத்திரண்டாம் ஆண்டு அந்தோனியார் திருநாளோடு டெனிஸ்ரன் விளையாட்டை விட்டான். முப்பத்தேழு வயது. மாலை போட்டார்கள், வெடி கொளுத்தினார்கள், அவன் அழுதான். பத்தாம் நம்பர் சட்டையை நினைவாக அலுமாரியில் வையுங்கள் என்று மேரிஜோசப்பின் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். சட்டை கழகத்தினுடையது என்று அவன் பெருந்தன்மையாக அதை மிரோஜனிடம் கொடுத்தான். மிரோஜனுக்கு இருபத்தொரு வயது. மோட்டார்சைக்கிளால் இறங்கி, ஓடிக்கொண்டே சப்பாத்து கட்டுகிற ஆள். காலைச் சூடாக்கு என்று சொன்னால் வெயிலே போதாதோ என்று கேட்பான். சட்டை கைமாறியதைப் பார்த்துக்கொண்டிருந்த மேரிஜோசப்பினுக்கு, தன்னுடைய வலது கால் இனி எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கு மனதில் ஓடியது. ஏற்கெனவே அந்தக் கால் பாதிதான் மடங்கும். நண்டுக் கொட்டிலில் மற்றவர்கள் நின்று நண்டைத் தரம் பிரிக்க, அவள் கதிரையில் இருந்து பிரித்தாள். கோயிலில் எல்லோரும் முழந்தாளிடும்போது அவள் மட்டும் நின்றாள்.

அடுத்த மாதம் மண்டைதீவில் போட்டி. தான் பத்தாம் நம்பராக இல்லாத ஆட்டத்தைப் பார்க்க மனமில்லை என்று டெனிஸ்ரன் வீட்டில் இருந்தான். மேரிஜோசப்பின் எதிரே காலை நீட்டி இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நாலேகாலுக்கு அவளுடைய முழங்காலில் இருந்து, காய்ந்த மட்டை முறிவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அவள் எழும்பவும் இல்லை, விழவும் இல்லை. இறால் கோப்பை கவிழ்ந்தது. டெனிஸ்ரன் பார்த்துக்கொண்டிருக்க, முழங்கால் மா புளிப்பதுபோல் மெல்ல மெல்ல எழும்பியது. அதே நேரம் கைத்தொலைபேசி அடித்தது. “அண்ணை, மிரோஜன்ரை கால் முறிஞ்சுது எண்டுதான் நினைச்சனாங்கள், எழும்பி கோல் அடிச்சுப்போட்டான்” என்று மைதானத்திலிருந்து யாரோ ஆர்ப்பரித்தார்கள். டெனிஸ்ரன் தொலைபேசியைக் கீழே வைத்தான். சாய்வான படியைப் பார்த்தான். சீவிய கதவைப் பார்த்தான். கிணற்றடிக் குழாயைப் பார்த்தான். பிறகு அவளுடைய சாய்ந்த மூக்கைப் பார்த்தான்.

“எப்ப துவங்கினது?” என்று கேட்டான்.

“நீங்கள் கணுக்கால் பிரண்டு இருந்தனீங்களே, அந்த வரியம் நேர்த்தி வைச்சனான்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் விளையாடியிருப்பியளோ?”

டெனிஸ்ரன் அவளருகே நிலத்தில் இருந்தான். அவளுடைய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். ஒன்பது வருடத்தில் தான் யோசிக்காமல் பாய்ந்த இடமெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நோகாத உடம்பு என்ற திமிரில், போகத் தேவையில்லாத பந்துக்கெல்லாம் போயிருக்கிறான். வெல்வது நிச்சயமான ஆட்டத்திலும், சனம் கைதட்டும் என்று, மூன்று பேருக்கு நடுவே காலை விட்டிருக்கிறான். “ஐயோ, அது உம்மடை காலப்பா” என்று சொல்லி வாய்விட்டு அழுதான். அவன் அழுவது நோவைவிடத் தாங்க முடியாமல் இருந்தது அவளுக்கு. இறால் கையோடு அவன் தலையைத் தடவினாள். மிரோஜனுக்கும் ஏன் பொருந்துகிறது என்று அவன் கேட்டபோது, அவள் வெட்கத்தோடு விளங்கப்படுத்தினாள். “அந்தோனியாருக்கு முன்னாலை உங்கடை பேரை எப்பிடிச் சொல்லுறது? பத்தாம் நம்பர் எண்டனான்.” பத்தாவது நிமிடம் பரியாரியார் வீட்டுக்கு ஆள் போனது. அன்று ஆட்டம் முரட்டு மண்டைதீவோடு என்று பரியாரியார் விசாரித்து வைத்திருந்தார்; இலை ஏற்கெனவே அரைத்து இருந்தது.

பங்குச் சுவாமியார் எல்லாவற்றையும் கேட்டார். இப்படியான விடயத்துக்குத் தன்னிடம் விதி ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். தவறாகச் சொன்னதை, சொன்ன இடத்திலேயே, உரத்துத் திருத்திச் சொல்வதுதான் வழி என்று அவருக்குப் பட்டது. டெனிஸ்ரனுக்குத் திருத்துவது போதாது. “நேர்த்தியை முழுசாய்த் திருப்பி வாங்கிப்போடும். ஒருத்தற்றை நோவும் வேண்டாம் எண்டு சொல்லும்” என்றான். மேரிஜோசப்பின் ஓம் என்றாள். அடுத்த செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவன் அவளைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு, மைதானத்தின் நடுவால் கோயிலுக்குப் போனான். சுரூபத்தின் முன் கதிரையை வைத்துவிட்டுப் பக்கத்தில் முழந்தாளிட்டான்.

அவள் முந்தானையைச் சுருட்டினாள், விரித்தாள். பிறகு சுரூபத்தைப் பார்த்துக் கதைத்தாள். “அந்தோனியாரே, பத்தாம் நம்பர் எண்டது என்ரை வெக்கத்திலை சொன்னது, பிழையாய்ப் போச்சு. மிரோஜன்ரை நோவை மிரோஜன் பாக்கட்டும். தனுஜன் பாவம், எண்டாலும் அவனும் தன்ரையைப் பாக்கட்டும். நான் சொல்ல நினைச்சது,” என்று நிறுத்தி, மூச்சை எடுத்து, “டெனிஸ்ரனை. டெனிஸ்ரனுக்கு வாற நோ எனக்கு வரட்டும்” என்று முடித்தாள்.

கலியாணமாகிப் பதின்மூன்று வருடம். அந்தப் பெயரை அவன் தாயிடமிருந்து கேட்டிருக்கிறான், மத்தியஸ்தர்களிடமிருந்து கேட்டிருக்கிறான், கோல் அடித்த நாளில் ஐந்நூறு பேர் ஒன்றாகக் கத்தக் கேட்டிருக்கிறான். அவள் வாயால் கேட்டதில்லை. அவனுடைய காது இரண்டும் சூடாகின. தன் பெயர் இவ்வளவு நல்ல பெயர் என்று அவனுக்கு அன்றுவரை தெரியாது. அவள் நேர்த்தியைத் திருப்பி வாங்கவில்லை என்பது அவனுக்கு உறைக்க அதனால் கொஞ்ச நேரம் பிடித்தது.

“நான் வாங்கச் சொன்னனான்” என்றான்.

“திருத்தினதே போதும்” என்றாள் மேரிஜோசப்பின். “கதிரையைத் தூக்குங்கோ, மழை வரப்போகுது.”

அந்த வாரம் மிரோஜன் முதல் பத்து நிமிடத்தில் தொடை பிடித்து விழுந்தான். கரைவரை கேட்கும்படி அம்மா என்று கத்தினான். பத்தாம் நம்பர் சட்டைக்குள் நோவு இருக்கும் என்று அவன் அறிந்திருக்கவில்லை. பூவரசின் கீழே மேரிஜோசப்பினின் இரண்டு கால்களும் பேசாமல் கிடந்தன. பாவம் என்று சொல்லி, தைலப் போத்தலை மகள் நிலக்சனாவிடம் கொடுத்து அனுப்பினாள். அந்த வருடம் தீவுப்பகுதியில் ஐந்து பத்தாம் நம்பர்கள் காயப்பட்டார்கள். மற்ற நம்பர்களிலும் அளவு அதுதான் என்பதால் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. காரைநகர்த் தனுஜன் முதல்முறை சுளுக்கோடு ஊசிமுனைக்கு வந்து, “அக்கா, என்ன செய்யிறது?” என்று கேட்டான். அவள் புழுக்கொடியலில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். இப்போது மற்றக் கழகங்களின் பெடியன்களும், காலைச் சூடாக்குவது எப்படி என்று அவளிடம்தான் வந்து கேட்கிறார்கள்.

டெனிஸ்ரனின் நிலைமைதான் வேறு. நேர்த்தி இப்போது சட்டைக்கு இல்லை, ஆளுக்கு. திருத்தி மூன்றாம் நாள் கடலில் தூண்டில் முள் அவன் பெருவிரலில் ஏறியது. ஒரு துளி இரத்தம் வரவில்லை. கரைக்கு வந்து பார்த்தால் மேரிஜோசப்பினின் பெருவிரலில் சீலை சுற்றியிருந்தது. அன்றிலிருந்து அவன் கையுறை இல்லாமல் வலையைத் தொடுவதில்லை. பந்தையே இனித் தொடமாட்டேன் என்றுதான் முதலில் சத்தியம் செய்தான். அவள் அதற்குச் சம்மதிக்கவில்லை. “பின்னை ஞாயிற்றுக்கிழமையிலை நான் எதைப் பாக்கிறது?” என்று கோபப்பட்டாள். ஆகவே நாற்பது வயதாகியும், மூத்தோர் அணியில் இருபது நிமிடம் விளையாடுகிறான், நம்பர் இல்லாத சட்டையோடு. அதற்கு முப்பத்தைந்து நிமிடம் காலைச் சூடாக்குகிறான். மூன்று பேருக்கு நடுவே காலை விடுவதில்லை. பந்தை விட்டுவிட்டு, கோட்டுக்கு வெளியே பூவரசைப் பார்த்துச் சிரிக்கிறான். பரியாரியாரின் பத்தும், அவனே அவளுக்குப் பிடித்துவிடுகிற பயிற்சியும் சேர்ந்து, போன பெரிய வெள்ளிக்கிழமை மேரிஜோசப்பின் ஒரு காலையாவது மடித்து முழந்தாளிட்டாள்.

கடலுக்குப் போகிற நாட்களில் மற்றவர்கள் நேரே படகில் ஏறுவார்கள். டெனிஸ்ரன் விடியற்காலையில் கரையில் நின்று கணுக்காலைச் சுழற்றுவான், தொடையை நீட்டுவான், இறங்குதுறையில் இருந்து நண்டுக் கொட்டில்வரை ஆறு சுற்று மெதுவாக ஓடுவான். ஆரம்பத்தில் படகுக்காரர்கள் சிரித்தார்கள். இப்போது அதுவரை எஞ்சினை இயக்காமல், சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். கரையோரத்து வீட்டின் குசினி யன்னலால் ஒரு குரல் வரும். ஊசிமுனையில் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பெண் அவள் ஒருத்திதான். பெண்கள் முதலில் காதைப் பொத்தினார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

“டெனிஸ்ரன், இடக்கால் இன்னும் சூடாகேல்லை.”

“ஓமப்பா” என்று சொல்லிவிட்டு, அவன் இன்னும் இரண்டு சுற்று ஓடிப் படகில் ஏறுவான்.